பெயரைச் சொல்லி எடுங்கள்

(தைப்பிங்கில் படிவம் ஆறு மாணவர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடியிருந்த அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவு)



காப்புரிமை பற்றியும் கருத்துத் திருட்டு பற்றியும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் பின்வரிசையில் சில முகங்கள் வாடியதைப் பார்த்தேன். "இன்னொரு ஏச்சு வாங்கப் போகிறோம்" என்று நினைத்திருப்பீர்கள். இல்லை, ஏசுவதற்காக வரவில்லை. ஏச வேண்டும் என்றால் எங்களையும் சேர்த்துத்தான் ஏச வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் தைப்பிங் எதற்குப் பெயர் பெற்றது? மழைக்கு! இன்று எத்தனை மணிக்கு மழை பிடிக்கும் என்று பெரியவர்கள் பந்தயம் கட்டிய ஊர் இது. தீபகற்ப மலேசியாவிலேயே மழைக்குப் பேர்போன ஊர். இந்த ஊர் மாணவர் ஒருவர் நீர்ச் சிக்கனம் பற்றி ஓர் இடுபணி எழுதினார். அதில் ஒரு வரி: "எங்கள் மாவட்டத்தில் மூன்றாண்டுகளாக மழை பொய்த்துவிட்டது; ஏரிகள் வறண்டுவிட்டன." ஏரித் தோட்டத்தைத் தாண்டித்தான் அந்தப் பிள்ளை தினமும் பள்ளிக்கு வருகிறது! குடை பிடித்துக்கொண்டு வருகிறது! அடுத்த பக்கத்தில், பத்தியின் நடுவே, 'மேலும் படிக்க' என்ற இரண்டு சொற்கள் சம்பந்தமில்லாமல் நிற்கின்றன. எந்த இணையப் பக்கத்திலிருந்து வெட்டினாரோ, அந்தப் பக்கத்தின் பொத்தானும் சேர்ந்தே வந்துவிட்டது.

நம் தாத்தாக்கள் இதற்கு ஈயடிச்சான் காப்பி என்று பெயர் வைத்தார்கள். மூல ஏட்டில் ஈ ஒன்று நசுங்கிக் கிடந்ததாம். படியெடுத்தவன் தன் தாளிலும் ஓர் ஈயை அடித்து அதே இடத்தில் ஒட்டினானாம். இன்று ஈ இல்லை; 'மேலும் படிக்க' இருக்கிறது.

சிரித்தீர்கள். சரி, அந்தப் பிள்ளை திருடனா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆரம்பப் பள்ளியிலிருந்து "பார்த்து எழுதாதே, காப்பி அடிக்காதே" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தோம். ஒருவர் எழுத்திலிருந்து எப்படி எடுக்க வேண்டும் என்று ஒருநாளாவது உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தோமா? எடுக்காமல் யாராவது எழுத முடியுமா? வள்ளுவரிடம் எடுக்காமல் நம்மில் யார் மேடை ஏறியிருக்கிறோம்? எடுக்கத்தான் வேண்டும். எப்படி எடுப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

பிறர் எழுத்தில் கைவைக்கும்போது இரண்டு கேள்விகள் வருகின்றன. எடுக்க எனக்கு அனுமதி உண்டா? இது காப்புரிமை. எடுத்தது யாருடையது என்று சொன்னேனா? சொல்லாவிட்டால் அது கருத்துத் திருட்டு. முதல் கேள்வியை நீதிமன்றம் கேட்கும். இரண்டாவதை ஆசிரியர் கேட்பார், பல்கலைக்கழகம் கேட்கும். இரண்டும் வேறு வேறு. ஒன்றில் தப்பியவர் மற்றொன்றில் மாட்டிக்கொள்ளலாம்.

2017ஆம் ஆண்டு. எஸ்.பி. பாலசுப்ரமணியம் அமெரிக்காவில் இசைச் சுற்றுப்பயணத்தில் இருந்தார். தம் அனுமதியின்றித் தம் பாடல்களை மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வழக்கறிஞர் நோட்டீஸ் போனது. தமிழுலகமே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. நம் ஊர் ஒட்டுக்கடைகளில்கூட தே தாரிக் ஆறும்வரை வாதம் நடந்தது. யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்த இசை என்னுடையது என்று எஸ்.பி.பி. என்றைக்காவது சொன்னாரா? அரங்கில் இருந்த ஒருவராவது அப்படி நினைத்தாரா? இல்லை. பெயர் மறைக்கப்படவில்லை. தகராறு முழுவதும் அனுமதி பற்றியது. அது காப்புரிமைச் சிக்கல். கருத்துத் திருட்டுக்கு அங்கே இடமே இல்லை.

இப்போது நேர் எதிரான வழக்கு ஒன்று சொல்கிறேன். மிகப் பழைய வழக்கு. குற்றவாளியின் பெயர் தருமி.

1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் நாகேஷைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் இன்றிரவே பாருங்கள். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் வரும் கதை அது. பாண்டிய மன்னனுக்கு ஓர் ஐயம். தீர்ப்பவருக்கு ஆயிரம் பொன். ஏழைத் தருமி மதுரைக் கோயிலில் போய் அழுகிறான். இறைவன் ஒரு பாட்டை எழுதிக் கொடுக்கிறான். தருமி அதைச் சபையில் படிக்கிறான்.

தருமி காப்புரிமையை மீறினானா? யோசித்துச் சொல்லுங்கள். எழுதியவரே மனமுவந்து கொடுத்திருக்கிறார். அனுமதி உண்டு, சாதாரண அனுமதியா, சாட்சாத் சொக்கநாதரின் அனுமதி! சட்டப்படி பார்த்தால் தருமிமேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் சபையில் என்ன நடந்தது? புலவர் நக்கீரர் எழுந்து பொருளில் குற்றம் உண்டு என்றார். விளக்கச் சொன்னார். தருமியால் விளக்க முடிந்ததா? முடியவில்லை. எப்படி முடியும்? யோசித்தவன் அவன் இல்லையே! ஓடினான், கோயிலுக்கே திரும்ப ஓடினான். கடைசியில் எழுதியவரே சபைக்கு வந்து பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

மாணவர்களே, இன்று காசு கொடுத்து இடுபணி எழுதி வாங்கலாம். அக்கா எழுதித் தரலாம். ஆசைப்பட்டு அப்பாவே எழுதித் தரலாம். எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு. வாய்மொழித் தேர்வில் "இந்தப் பத்தியில் என்ன சொல்ல வந்தாய்?" என்று ஆசிரியர் கேட்டால், அக்கா வருவாரா?

படத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. பாட்டில் குற்றமிருந்தால், எவ்வளவு குற்றமோ அவ்வளவுக்குப் பரிசைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று தருமி பேரம் பேசுவார். இதே பேரத்தை இப்போது பல்கலைக்கழக மாணவர்கள் பேசுகிறார்கள். "டர்னிட்டினில் எத்தனை விழுக்காடு வரை விடுவார்கள்? இருபதுக்குள் இருந்தால் போதுமா?" டர்னிட்டின் என்ன செய்கிறது? உங்கள் வரிகள் வேறு எங்கெங்கே இருக்கின்றன என்று தேடிக் காட்டுகிறது, அவ்வளவுதான். மேற்கோள் குறியிட்டு முறையாக எடுத்த வரியையும் அது காட்டலாம். ஐந்தே விழுக்காட்டில் கட்டுரையின் உயிரான கருத்தைத் திருடியவரை விட்டுவிடவும் செய்யலாம். விழுக்காடு தீர்ப்பாகாது.

தருமி கதையில் பலரும் பேசாத பகுதி ஒன்று உண்டு. அந்தப் பாட்டு இன்றைக்கும் இருக்கிறது, குறுந்தொகையில் இரண்டாம் பாட்டாக. யார் பெயரில் இருக்கிறது? தருமி பெயரிலா? இல்லை. இறையனார் என்ற பெயரில் இருக்கிறது. தொகுத்தவர்கள் பாடியவர் பெயரைத்தான் போட்டார்கள்.

குறுந்தொகையைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னும் கொஞ்சம் அங்கேயே நிற்போம். தொகுத்தவர்கள் கையில் சில பாட்டுகள் பெயரில்லாமல் கிடைத்தன. இன்றைய நம் புலனக் குழுவாக இருந்தால் என்ன செய்வோம்? 'படித்ததில் பிடித்தது' என்று போட்டு அனுப்பிவிடுவோம். எழுதியவர் அத்தோடு காணாமல் போவார். அவர்கள் என்ன செய்தார்கள்? பாட்டுக்குள்ளிருந்தே ஒரு தொடரை எடுத்து அதைப் பெயராக வைத்தார்கள். செம்மண்ணில் விழுந்த மழையைப் பாடியவர் செம்புலப்பெயனீரார். முற்றத்தில் அணில் விளையாடுவதைப் பாடியவர் அணிலாடு முன்றிலார். குப்பைமேட்டுக் கோழிச் சண்டையைப் பாடியவர் குப்பைக்கோழியார்! பெயர் தெரியாது என்பதற்காக யாருடையதும் அல்லாத பாட்டு என்று விட்டுவிட அவர்களுக்கு மனம் வரவில்லை. இதைச் செய்யச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை. மேல்நாட்டார் கற்றுக்கொடுத்த சடங்கு என்று மேற்கோள் முறையைச் சொல்கிறவர்கள் இந்தப் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும்.

காப்புரிமைக்குத் தமிழில் பெரிய வரலாறு ஒன்று உண்டு. அது பாரதியின் வரலாறு.

பாரதி 1921இல் மறைந்தார். வாழும்போது புத்தகம் போட்டுப் பணம் பார்க்காத மனிதர். மறைந்தபின் அவர் எழுத்தின் உரிமை சொத்தாக மாறியது, கைமாறியது. பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை ஒரு வணிகரிடம் போய், அவரிடமிருந்து ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. செட்டியார் 1947இல் வந்த தம் 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாடல்களை முழங்கவிட்டார். அடுத்த ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்திலும் ஒரு பாரதி பாட்டு வந்தது. உரிமை என்னிடம் அல்லவா இருக்கிறது என்று செட்டியார் வழக்குக்குப் போனார்.

எண்ணிப் பாருங்கள்! நாட்டு விடுதலையைப் பாடிய கவிஞனின் பாட்டைப் பாட, விடுதலை பெற்ற நாட்டில் ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டும். எழுத்தாளர்கள் கொதித்தார்கள். பாரதியை நாட்டுடைமையாக்கு என்று குரல் எழுந்தது. 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் சென்னை மாகாண அரசு உரிமையைக் கையகப்படுத்தியது. செட்டியாரும் தம்மிடமிருந்த உரிமையைப் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். கவிஞரின் குடும்பத்துக்கு அரசு தொகை வழங்கியது. ஐம்பதுகளில் பாரதியின் எழுத்து எல்லாருக்கும் பொதுவானது. இந்த வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி 'பாரதி: கவிஞனும் காப்புரிமையும்' என்ற நூலில் ஆதாரங்களோடு எழுதியிருக்கிறார். நான் சொன்னது அதன் ஓரம்தான். முழுவதையும் அங்கே படியுங்கள். பாருங்கள், இப்போது நான் செய்ததுதான் மேற்கோள் காட்டுவது. ஒரு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

இந்த வழக்கில் செட்டியாரை வில்லனாக்குவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. காசு கொடுத்து வாங்கியவர் உரிமையைக் கேட்டார். அன்றைய சட்டம் அவர் பக்கம் பேசியது. அந்தச் சட்டத்தின் வயிற்றில்தான் ஓர் எழுத்தாளன் குடும்பத்தின் சாப்பாடும் இருக்கிறது. அதனால்தான் அரசு சும்மா பறிக்காமல் ஈடு கொடுத்து எடுத்தது.

பாரதி இன்று பொதுச்சொத்து. நீங்கள் அச்சடிக்கலாம், பாடலாம், விற்கலாம், யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் பாரதி கவிதையின் கீழே உங்கள் பெயரைப் போடலாமா? போட்டால் சட்டம் வராமல் இருக்கலாம். ஊர் காறித் துப்பும். அனுமதிக்குக் காலக்கெடு உண்டு. பெயருக்குக் கெடு கிடையாது.

நம் நாட்டுச் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேர்வுக்கு வராது, பயப்படாதீர்கள். 1987ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், 332ஆம் சட்டம். எழுதியவர் வாழ்நாள் முழுதும், மறைந்தபின் 50 ஆண்டும் உரிமை நிற்கும். இந்தியாவில் 60 ஆண்டு. கண்ணதாசன் 1981இல் மறைந்தார். ஆக, நம் நாட்டுக் கணக்கில் 2031 முடியும்வரை அவர் எழுத்துக்குப் பாதுகாப்பு உண்டு. பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை; சொந்த முயற்சியில் எழுதி முடித்தால் உரிமை பிறந்துவிட்டது. விரும்புகிறவர்கள் மைஐபிஓ எனப்படும் அறிவுசார் சொத்துரிமைக் கழகத்தில் அறிவித்து வைக்கலாம். ஆகவே, படிவம் நான்கில் நீங்கள் எழுதிய சிறுகதைக்கு நீங்களே உரிமையாளர். உங்கள் கதையை வேறொருவர் தம் பெயரில் போட்டிக்கு அனுப்பினால் வயிறு எரியுமா இல்லையா? அந்த எரிச்சலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டப் பிரிவுகளைவிட அது அதிகம் சொல்லித் தரும்.

அதே சட்டம் படிக்கிறவர்களுக்கு ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. ஆய்வு, சொந்தப் படிப்பு, விமர்சனம், மதிப்புரை ஆகியவற்றுக்காக நியாயமான அளவில் எடுத்துக்கொள்ளலாம்; அனுமதி கேட்க வேண்டாம். நியாயமான அளவு என்றால் என்ன? எதற்காக எடுத்தீர்கள், எவ்வளவு எடுத்தீர்கள், அதனால் அந்தப் புத்தகத்தின் விற்பனை பாதிக்குமா என்றெல்லாம் பார்ப்பார்கள். இரண்டு பக்கத்தைப் படிப்புக்காக ஒளிநகல் எடுப்பது வேறு. பயிற்சி நூல் முழுவதையும் அட்டை முதல் அட்டை வரை பிடிஎஃப் ஆக்கிப் புலனக் குழுவில் போடுவது வேறு. இதை மாணவர்களைவிட ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும்தான் சொல்கிறேன். நல்லெண்ணத்தில்தான் அனுப்புகிறோம், தெரியும். ஆனால் இந்த நாட்டில் தமிழ்ப் புத்தகம் போடுகிறவர் பெரும்பாலும் கைக்காசைப் போட்டு அச்சடிக்கிறார். வெளியீட்டு விழாவில் மாலை விழும். மறுநாள் விற்காத பெட்டிகள் அவர் வீட்டு வரவேற்பறையில் நாற்காலிக்குப் பின்னால் அடுக்கியிருக்கும். விலை சில வெள்ளிதான். அந்தச் சில வெள்ளியை மிச்சப்படுத்தி நாம் அடைந்தது, அவர் அடுத்த புத்தகம் போடாமல் விட்டதுதான்.

சரி, எப்படி எடுப்பது? நம் ஊரை வைத்தே செய்து பார்ப்போம்.

மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1ஆம் நாள் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடத் தொடங்கியது. போர்ட் வெல்டுதான் இன்றைய கோல செப்பெத்தாங். இதை எழுத யாரையும் மேற்கோள் காட்ட வேண்டாம். எல்லாரும் அறிந்த செய்தி, யாருக்கும் சொந்தமில்லை. பேராக்கின் தலைநகர் 1937இல் தைப்பிங்கிலிருந்து ஈப்போவுக்கு மாறியது. இதுவும் அப்படியே.

இப்போது ஓர் ஆய்வாளர் இப்படி எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம்: "தைப்பிங் ஈயத்தால் எழுந்தது, ஈயம் கிந்தாவுக்கு நகர்ந்ததும் தலைநகரும் அதன் பின்னால் நகர்ந்தது." இது வெறும் செய்தி அல்ல. அவர் கண்ட காரணம். அவர் அமைத்த வாக்கியம். இதைக் குறியில்லாமல், பெயரில்லாமல் அப்படியே எழுதினால் திருட்டு. இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் பலரும் செய்வது என்ன? "தைப்பிங் ஈயத்தினால் உயர்ந்தது, ஈயம் கிந்தாவுக்கு இடம்பெயர்ந்த பிறகு தலைநகரமும் அதைத் தொடர்ந்து இடம்பெயர்ந்தது." எழுந்தது உயர்ந்ததாயிற்று, நகர்ந்தது இடம்பெயர்ந்ததாயிற்று. மாணவர் நிம்மதியாகத் தூங்கப் போகிறார். இது சட்டையை மாற்றிக்கொண்டு வந்த அதே திருடன்தான்.

நேர்மையான வழி இதோ: "தலைநகர் மாறியதற்கு ஈயத் தொழில் இடம்மாறியதே காரணம் என்பது இன்னாரின் கருத்து" என்று சொல்லி, நூலையும் ஆண்டையும் பக்கத்தையும் குறியுங்கள். குறித்ததும் ஒரு விந்தை நடக்கும். அவர் கருத்து அவருடையது என்று தள்ளி வைத்துவிட்டதால், உங்களுக்கென்று ஓர் இடம் கிடைக்கிறது. இப்போது நீங்கள் கேட்கலாம்: "கிந்தாவில் ஈயம் பெருகியது 1880களிலேயே. தலைநகர் மாறியது 1937. இடையில் அரை நூற்றாண்டு. ஈயம் ஒன்றே காரணமென்றால் ஏன் இத்தனை தாமதம்?" இந்தக் கேள்வி உங்களுடையது! திருடியவரால் இந்தக் கேள்வியைக் கேட்க முடியுமா? தன்னுடையது என்று சொல்லிக்கொண்ட கருத்தைத் தானே எப்படி மறுப்பார்?

நம் பிள்ளைகளுக்கென்றே இன்னொரு குறுக்கு வழி உண்டு. மூன்று மொழி தெரிந்த பிள்ளைகள் அல்லவா! மலாயில் இருப்பதைத் தமிழில் மாற்றி எழுதிவிட்டால் எந்த மென்பொருளும் எளிதில் பிடிக்காது. உண்மைதான், பிடிக்காமல் போகலாம். ஆனால் மொழிபெயர்ப்பை வழிநூல் வகைகளில் ஒன்றாகத் தொல்காப்பியம் வைத்திருக்கிறது, முதல்நூலாக வைக்கவில்லை. மொழிபெயர்ப்பு நல்ல வேலை. மூலத்தின் பெயரைச் சொல்லி மொழிபெயருங்கள்.

சாட்ஜிபிடியைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். கூப்பிட்ட குரலுக்கு வரும் சொக்கநாதர் அது. ஒரே வித்தியாசம், சபைக்கு வந்து உங்களுக்காக நக்கீரரிடம் வாதாட மாட்டார். சில நேரம் இல்லாத புத்தகத்துக்கு ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்கம் எல்லாம் அழகாகத் தரும். நூலகத்தில் தேடிப் போனால் அப்படி ஒரு நூலே இருக்காது. பயன்படுத்தினால் பயன்படுத்தினேன் என்று எழுதுங்கள். அது தந்த நூற்பெயரை நூலைக் கண்ணால் பார்க்காமல் எழுதாதீர்கள். ஆசிரியர் அனுமதிக்காத இடத்தில் தொடவே வேண்டாம். இதற்குமேல் அதற்கு இங்கே நேரமில்லை.

எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. உங்களில் பலர் தோட்ட வரலாறு பற்றி இடுபணி செய்கிறீர்கள். தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதுகிறீர்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போனது, மழை வந்தால் மங்கில் பால் வழிந்து அன்றைய சம்பளம் போனது, கங்காணி, லயத்து வீடு, தோட்டப் பள்ளி. எந்தப் புத்தகத்திலும் இல்லாத செய்திகள். ஆனால் இடுபணியின் கடைசிப் பக்கத்தில் இணைய முகவரிகள் வரிசையாக இருக்கின்றன. பாட்டியின் பெயரைக் காணோம்! "ஒரு மூதாட்டி கூறினார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்குப் பெயர் இல்லையா? சம்பளப் புத்தகத்தில் எண்ணாக இருந்தவரை நீங்களும் பெயரில்லாமல் விட்டுவிடலாமா? அவரிடம் அனுமதி கேளுங்கள். சம்மதித்தால் எழுதுங்கள்: முழுப்பெயர், வயது, முன்னாள் பால்மரம் வெட்டும் தொழிலாளி, இன்ன தோட்டம், பேசிய நாள். பேராசிரியருக்குக் கொடுக்கும் அதே மரியாதை, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில். அவர் பாடிக் காட்டிய தாலாட்டையும் அப்படியே அவர் பெயரோடு பதியுங்கள்.

ஆசிரியப் பெருமக்களே, ஏச வேண்டும் என்றால் எங்களையும் என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா? நாம் கட்டுரையின் அழகுக்குப் புள்ளி தருகிறோம், நேர்மைக்குத் தருவதில்லை. அட்டைப்படம் மின்னினால் பாராட்டுகிறோம். பட்டறைகளில் நாம் வழங்கும் பயிற்சித்தாளில், யார் தயாரித்தது என்ற வரியை அழித்துவிட்டு நம் பள்ளி முத்திரையைப் போடுகிறோம். இதைப் பிள்ளைகள் பார்க்காமலா இருக்கிறார்கள்?

அடுத்த தவணை முதல் ஒன்று செய்யுங்கள். ஒவ்வோர் இடுபணியோடும் ஒரு தனிப்பக்கம் கேளுங்கள். எங்கிருந்து எதை எடுத்தேன், யாரிடம் கேட்டேன், எதை நானே யோசித்தேன் என்று மாணவர் தம் கையால் எழுதிய பக்கம். நூற்றுக்கு இருபது புள்ளியை அந்தப் பக்கத்துக்குக் கொடுங்கள். தட்டுத் தடுமாறி எழுதினாலும் கொடுங்கள். மாணவர்களே, ஆசிரியர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே அந்தப் பக்கத்தைச் சேர்த்துக் கொடுங்கள். இன்றிரவு வீட்டுக்குப் போனதும், பாதியில் நிற்கும் உங்கள் இடுபணியை எடுத்து, விட்டுப்போன பெயர்களை முதலில் எழுதுங்கள்.